மருவின் பல பெயர்களும் பெயரற்ற ஒரு நுண்ணுயிரும்: ஐதராபாத் வழியாக ஒரு மருத்துவ வரலாறு

ஐதராபாத்தில் தோலின்மேல் எழும் ஒரே புடைப்புக்குக் குறைந்தது மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தெலுங்கர் ‘புலிபிரி’ என்பர். தக்கனி உருது பேசுவோர் ‘மஸ்ஸா’ என்பர். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழர் ‘பாலுண்ணி’ என்றோ ‘மரு’ என்றோ சொல்வர். யுனானி மருத்துவர் அரபு மரபைப் பின்பற்றி ‘ஸஆலீல்’ என்பார். நவீன மருத்துவர் தம் சீட்டில் லத்தீனத்தின் ‘வெரூக்கா’வை எழுதுவார்.

இப்பெயர்களுள் பல காட்சியிலிருந்து பிறந்தவை. ‘மஸ்ஸா’வின் மூலம் வடமொழி ‘மஷகம்’. சுசுருத சங்கிதை அதனை வலியின்றி, உளுந்தைப் போலக் கறுத்து உயர்ந்து, அசையாது நிற்கும் புடைப்பு என விளக்குகிறது. உளுந்துக்கு வடமொழியில் ‘மாஷம்’ என்று பெயர். ‘வெரூக்கா’ பழைய லத்தீனத்தில் மேட்டு நிலத்தையும் குறித்த சொல். கிரேக்கர் ஒருவகை மருவுக்கு எறும்பின் பெயரையொட்டி ‘மிர்மேக்கியா’ எனப் பெயரிட்டனர். தமிழின் ‘பாலுண்ணி’ பால், உண்ணி எனப் பிரிய இடம் தருகிறது. ஆடுமாடுகளின் தோலில் ஒட்டிக்கொண்டு குருதி உறிஞ்சும் சிற்றுயிரும் ‘உண்ணி’தான். இன்னொன்றும் கருதத்தக்கது. ‘மரு’ இடையின ரகரம் பெற்றது. ‘மறு’ வல்லின றகரம் பெற்றது. நிலவின் களங்கத்தையும் உடலின் மச்சத்தையும் குறிப்பது பின்னது. இன்றைய பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டமையால், தொற்றிப் பரவும் மருவும் பிறப்பிலேயே அமையும் மறுவும் பலர் வாயில் ஒரே சொல்லாகிவிட்டன.

பெயர்கள் காட்சியைப் பிடித்தன. காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. சிகிச்சையும் பெயரின் வழியே சென்றது: கண்ணுக்குத் தெரியும் மேட்டைச் சமப்படுத்தினால் நோய் தீர்ந்தது என்று கொள்ளப்பட்டது. ஆயினும் சில மருக்கள் அறுத்தாலும் சுட்டாலும் மீண்டும் மீண்டும் முளைத்தன. அந்த விடாப்பிடி மருக்களின் சிகிச்சை வரலாற்றில் ஐதராபாத்துக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. தொழுநோய்க்காகத் தேடி எடுக்கப்பட்டு, பல்லாண்டுகள் ஒற்றை எழுத்தால் மட்டுமே அழைக்கப்பட்ட நுண்ணுயிர் ஒன்று, இந்நகர ஆய்வாளர்களின் பங்களிப்புடன் தனிப்பெயர் பெற்றது. அந்த நுண்ணுயிரின் இறந்த உடல்களே இன்று இந்தியாவின் பல தோல்நோய்ப் பிரிவுகளில் மருவுக்குள் ஊசிவழியே செலுத்தப்படுகின்றன.

1. அறுத்தலும் சுடுதலும் காத்திருத்தலும்

சுசுருத சங்கிதை மஷகத்தையும் அதனையொத்த தோற்புடைப்புகளையும் கத்தியால் அறுத்து, எஞ்சிய அடிப்பகுதியைக் காரத்தாலோ நெருப்பாலோ சுட வேண்டும் என்கிறது. கொள்கை அளவில் இன்றைய மின்சூட்டுச் சிகிச்சை இதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. நாட்டு வைத்தியமும் இதே தர்க்கத்தையே பின்பற்றியது. தமிழகச் சிற்றூர்களில் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலும் எருக்கம்பாலும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் மருவின்மேல் தடவப்பட்டன. காம்புடைய மருவைக் குதிரைவால் முடியால் இறுகக் கட்டி உதிரச் செய்வதும் வழக்கம். தாவரப் பாலும் ஓட்டெண்ணெயும் தோலைப் புண்ணாக்க வல்லவை. முடிக்கட்டு குருதியோட்டத்தைத் தடுப்பது. யாவும் அழித்தல் முறைகளே.

இவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மரு நீங்க வேண்டி உப்பும் மிளகும் கோயிலில் கொட்டுவது, வெல்லத்தைத் திருக்குளத்தில் கரைப்பது ஆகியவை தமிழ்நாட்டில் இன்றும் காணக்கூடிய நேர்த்திக்கடன்கள். நீரில் உப்பும் வெல்லமும் கரைவதுபோல் உடலில் மருவும் கரையும் என்னும் ஒப்புமை இதன் அடிப்படை. தோலைத் தொடாத இம்முறையும் ‘பலித்தது’ என்று சொல்வோர் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. வேண்டிக்கொண்ட சில மாதங்களில் மரு மறைந்திருக்கும், வேண்டிக்கொள்ளாவிடினும் மறைந்திருக்கக்கூடும்.

இதைப் பண்டையோர் அறியாதிருக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமையர் கெல்சஸ், மருவகைகளுள் சில தாமாகவே மறையும் என்றும், ‘மிர்மேக்கியா’ போன்றவை சிகிச்சையின்றி மறைவது அரிது என்றும் வேறுபடுத்தினார். ஆனால் ‘தாமாக மறைதல்’ என்பதற்கு எண்ணிக்கை கிடைக்க 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் வெளியான மாசிங், எப்ஸ்டைன் ஆகியோரின் ஆய்வு, காப்பகத்தில் வாழ்ந்த சுமார் 1000 குழந்தைகளை இரண்டாண்டுகள் கவனித்தது. மருக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அக்காலத்துக்குள் தாமாகவே மறைந்தன.

மரு மருத்துவத்தின் மையச் சிக்கல் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் போதுமான காலம் காத்திருந்தால் பாதிக்கு மேற்பட்டோர் குணமடைவர். செடியின் பாலுக்கும் நேர்த்திக்கடனுக்கும் கிடைக்கும் அதே புகழ், ஒப்பீடு இல்லாமல் செய்யப்படும் நவீன ஆய்வுக்கும் கிடைத்துவிடும். மருந்தின் வேலையையும் காலத்தின் வேலையையும் பிரித்துக் காட்டாத சான்று, சான்றாகாது.

2. காட்சியிலிருந்து காரணத்துக்கு

மரு தொற்றக்கூடியது என்னும் ஐயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. 1896இல் யாடசோன் ஒருவரின் மருத் திசுவை மற்றவரின் தோலில் பதித்து அது முளைப்பதைக் காட்டினார். 1907இல் இத்தாலியர் ஜுசெப்பே சியூஃபோ இன்னும் ஒருபடி சென்றார். மருவை அரைத்துப் பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்நீரைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார். சில மாதங்களில் அங்கு மருக்கள் எழுந்தன. பாக்டீரியாவினும் சிறிய ஒன்று காரணம் என்பது தெளிவாயிற்று. 1949இல் ஸ்ட்ராஸ் குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் அவ்வைரசின் துகள்களைக் கண்டனர். 1970களில் ஹரால்ட் சுர் ஹாவுசனும் ஜெரார் ஓர்த்தும் தத்தம் குழுவினருடன் மேற்கொண்ட ஆய்வுகள், மனிதப் பாப்பிலோமா வைரஸ் ஒன்றல்ல, பல வகைகள் என்பதை நிறுவின. இன்று 200க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. கையிலும் காலிலும் எழும் மருவுக்குப் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள் காரணம். கருப்பை வாய்ப் புற்றோடு தொடர்புடைய 16, 18 ஆகியவை வேறு வகைகள். இவ்விரு கூட்டங்களையும் குழப்பிக்கொண்டு அஞ்சுவோர் இன்றும் உளர்.

காரணம் தெரிந்தபின்பும் சிகிச்சை அழித்தலின் வழியிலேயே நடந்தது. 1899இல் நியூயார்க்கின் கேம்ப்பெல் ஒயிட் திரவக் காற்றால் மருவை உறையச் செய்தார். 1950இல் அலிங்டன் திரவ நைட்ரஜனில் தோய்த்த பஞ்சால் அதே பணியைச் செய்தார். கழியம் 196 பாகை செல்சியசில் உள்ள அத்திரவமே இன்றும் மருத்துவமனைகளில் புகைந்துகொண்டிருக்கிறது. 1942இல் கப்லான் பிறப்புறுப்பு மருவுக்குப் பொடோஃபிலின் என்னும் தாவரப் பிசினைப் பயன்படுத்திக் காட்டினார். அப்பிசினைத் தரும் செடியின் இந்திய இனம் இமயமலைச் சரிவுகளில் வளர்வது; மிகுதியாகத் தோண்டப்பட்டமையால் இன்று அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் உள்ளது. சாலிசிலிக் அமிலம், மின்சூடு, கார்பன் டை ஆக்சைடு லேசர், மருவுக்குள் செலுத்தும் பிளியோமைசின் எனப் பட்டியல் நீண்டது.

இவை எவ்வளவு பயன்தரும்? நெதர்லாந்தில் 250 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு விடையளிக்கிறது. ஒரு பிரிவினருக்குத் திரவ நைட்ரஜன், ஒரு பிரிவினருக்குச் சாலிசிலிக் அமிலம், மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. 13 வாரங்களுக்குப் பின் முறையே 39, 24, 16 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர். கையில் எழும் சாதாரண மருவில் உறையச் செய்தல் தெளிவாக முந்தியது. உள்ளங்கால் மருவிலோ மூன்று பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. ‘சும்மா இருத்தல்’ என்பதையும் ஒரு பிரிவாக வைத்தமையே இவ்வாய்வின் பெருமை. முதல் மருத்துவத்தில் குணமடையாதோர் எவ்வளவு பேர் என்பதையும் இவ்வெண்கள் மறைமுகமாகச் சொல்லிவிடுகின்றன.

ஏன் சில மருக்கள் விடாப்பிடியாக நிற்கின்றன? வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது, குருதியில் கலப்பதில்லை, தான் குடியேறிய செல்லைக் கொன்று அழற்சியை எழுப்புவதுமில்லை. தோலின் இயல்பான உதிர்தலோடு புதிய துகள்கள் ஓசையின்றி வெளியேறுகின்றன. உடலின் காவல் அமைப்பு விழித்தெழ வேண்டிய அடையாளங்கள் மிகக் குறைவு. எனவே மரு தானாக மறைதல் என்பது பெரும்பாலும் எதிர்ப்பாற்றல் அதனை ஒருநாள் அடையாளம் கண்டுகொண்டதன் விளைவு. பத்து மருக்கள் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிடும் விந்தையும் இதனால்தான். விடாப்பிடி மரு அடையாளம் காணப்படாத மரு.

3. தொழுநோயிலிருந்து வந்த பாடம்

உடல் தன் எதிரியை அடையாளம் காணத் தவறுதல் என்னும் இச்சிக்கலை இந்திய மருத்துவம் மருவினால் அறிந்துகொள்ளவில்லை. மிகக் கொடிய வேறொரு நோயினால் அறிந்தது. பழைய ஐதராபாத் சமஸ்தானம் அந்நோயின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம். நிஜாமாபாதை அடுத்த டிச்பள்ளியில் 1915ஆம் ஆண்டளவில் இசபெல் கெர், ஜார்ஜ் கெர் என்னும் மறைப்பணித் தம்பதியர் தொழுநோய் மருத்துவமனையை எழுப்பினர். உள்ளூர்ச் செல்வந்தர் ராஜா நர்ச கௌடு அதற்குப் பொருளுதவி செய்தார். நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழி செலுத்துவதே அக்காலத்தின் முதன்மை மருத்துவம். சல்ஃபோன் மருந்துகள் 1940களில் வரும்வரை வேறு நம்பிக்கை இல்லை.

தொழுநோய்க்கு இரு முகங்கள் உண்டு. சிலரிடம் சில திட்டுகளோடு நின்றுவிடும். சிலரிடம் உடல் முழுதும் பரவி நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகும். 1919இல் ஜப்பானியர் மிட்சுடா, நோயாளிகளின் புடைப்பிலிருந்து எடுத்துக் கொன்ற நுண்ணுயிரைத் தோலுக்குள் செலுத்திப் பார்த்தார். முதல் வகையினருக்குச் சில வாரங்களில் அவ்விடத்தில் தடிப்பு எழுந்தது. இரண்டாம் வகையினருக்கு எதுவும் நிகழவில்லை. நுண்ணுயிர் ஒன்றே, அதனை அடையாளம் காணும் உடல்களே வேறுபட்டன.

அடையாளம் காணாத உடலுக்கு அதனைக் கற்பிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதில் பெரிய தடை ஒன்று இருந்தது: தொழுநோய் நுண்ணுயிரை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயலாது. எனவே அதனோடு எதிர்ப்பாற்றல் அளவில் ஒத்த, வளர்க்கக்கூடிய, தீங்கற்ற உறவுயிர் ஒன்று தேவைப்பட்டது. 1970களில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஜி.பி. தல்வார் குழுவினர் அத்தேடலை மேற்கொண்டு, மைக்கோபாக்டீரியக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிரைத் தேர்ந்தனர். இனம் அறியப்படாத அதற்கு ‘டபிள்யூ’ என்னும் ஓர் எழுத்தே அடையாளமாயிற்று. பின்னர்த் தல்வார் நிறுவன இயக்குநராகப் பொறுப்பேற்ற தேசிய எதிர்ப்பாற்றலியல் நிறுவனத்தில் அப்பணி தொடர்ந்தது. கொல்லப்பட்ட நுண்ணுயிரைப் பன்மருந்துச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது, நுண்ணுயிர் மிகுந்த நோயாளிகளிடம் அது விரைந்து நீங்கியது. மிட்சுடா சோதனையில் எதிர்வினையே காட்டாதிருந்த பலர் எதிர்வினை காட்டத் தொடங்கினர். 1998இல் இம்மருந்து சந்தைக்கு வந்தது.

நோய்த் தடுப்பில் அதன் கதை சிக்கலானது. கான்பூர் ஊரக மாவட்டத்தில் நோயாளிகளின் வீட்டாருக்குச் செலுத்தியபோது பாதுகாப்பு மூன்றாம் ஆண்டில் 68.6 விழுக்காடாகவும், ஆறாம் ஆண்டில் 59 விழுக்காடாகவும், ஒன்பதாம் ஆண்டில் 39.3 விழுக்காடாகவும் அளவிடப்பட்டது. ஆவடியில் இயங்கிய தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவோ எம்.டி. குப்தே தலைமையில் நான்கு தடுப்பூசிகளையும் வெறும் உப்பு நீரையும் 1,71,400 பேரிடம் ஒப்பிட்டது. 1998இல் வெளியான முடிவில் ‘டபிள்யூ’வின் பாதுகாப்பு 25.7 விழுக்காடு மட்டுமே. வேறிரண்டு தடுப்பூசிகள் 64 விழுக்காட்டை எட்டின. முன்னது நோயாளிகளின் வீட்டாரிடம் நடந்தது, பின்னது பொதுமக்களிடம் நடந்தது. ஆகவே இரு எண்களையும் அப்படியே அருகருகே நிறுத்துதல் தகாது. ஆயினும் கான்பூர் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டி ஆவடி எண்ணை மறத்தல் நேர்மையான வரலாறு ஆகாது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி செங்கல்பட்டுப் பெருங்கள ஆய்வில் எதிர்பார்த்த பாதுகாப்பைத் தராமற்போனதை அறிந்த தமிழ் நிலத்துக்கு, ஓரிடத்தின் வெற்றி இன்னோரிடத்தில் செல்லுபடியாகும் என்னும் உறுதி ஏற்கெனவே குலைந்திருந்தது.

4. ஓர் எழுத்து பெயராகிறது

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதவுடலில் செலுத்தப்பட்ட ஓர் உயிர் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது அறியப்படாமலே இருந்தது வியப்புக்குரியது. அது தீங்கற்றது எனில், எத்தகைய உறவினர்களிடையே தீங்கற்றதாக இருக்கிறது? அதன் எந்தக் கூறு தொழுநோய் நுண்ணுயிரை ஒத்திருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடைதேடும் மூலக்கூறு ஆய்வில் ஐதராபாத் நுழைகிறது.

ஐதராபாத்தில் உள்ள மரபணு ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையத்தின் நியாஸ் அகமது, அம்மையத்தின் முன்னாள் இயக்குநரும் அப்போது ஐதராபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான சையது ஹஸ்னைன் ஆகியோர், தில்லிப் பல்கலைக்கழகத் தென் வளாக ஆய்வாளர்களோடும் தல்வாரோடும் இணைந்தனர். 2007இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியான அவர்களின் கட்டுரை, இவ்வுயிர் ஏவியம் கூட்டத்தைச் சேர்ந்த நோய்க்கிருமிகளின் தொன்மையான உறவினர் என்று காட்டியது. 2009இல் அதே இதழில் வெளியான அடுத்த கட்டுரை, பல்வகைச் சோதனைகளின் அடிப்படையில் அதனைத் தனி இனமாக முன்வைத்து ‘மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி’ என்னும் பெயரை நிலைநிறுத்த முயன்றது. ‘இண்டிகஸ்’ இந்தியாவைச் சுட்டுகிறது. ‘பிரானி’க்குள் தல்வாரின் இயற்பெயரின் ஒரு பகுதியான ‘பிரான்’ இருக்கிறது. 2012இல் முழு மரபணுத்தொகுதியும் வெளியிடப்பட்டது.

மொழிநோக்கில் இப்பெயர் கவனிக்கத்தக்கது. லின்னேயஸ் மரபில் இனப்பெயர் இருசொற்களால் ஆவது. இதுவோ மூன்று சொற்கள் கொண்டது. அம்மரபின் வரம்புக்குள் முழுமையாக அடங்காத பெயர் இது. நாடும் மனிதரும் இரண்டுமே விட்டுவிட முடியாதவையாக இருந்தன போலும். ‘பாலுண்ணி’ காட்சியால் வந்த பெயர் என்றால் ‘இண்டிகஸ் பிரானி’ உறவுமுறையால் வந்த பெயர்: இன்ன குடும்பம், இன்ன நாடு, இன்னாரின் கண்டெடுப்பு. ஆயினும் மருத்துவர்களின் வழக்கில் பழைய ‘டபிள்யூ’ இன்றும் மறையவில்லை. மருத்துவ இதழ்களின் மருக் கட்டுரைகள் பெரும்பாலும் அவ்வெழுத்தையே தலைப்பில் தாங்குகின்றன. அறிவியலில் சூட்டப்படும் பெயரும் புழங்கும் பெயரும் வேறுவேறு விதிகளால் ஆளப்படுகின்றன.

5. மருவுக்குள் ஓர் ஊசி

தொழுநோய்க்கான மருந்து மருவுக்கு வந்த பாதையை இப்போது எளிதாகப் புரிந்துகொள்ளலாம். அடையாளம் காணப்படாத வைரஸ் மருவுக்குள் ஒளிந்திருக்கிறது. உடல் தவறாமல் அடையாளம் காணக்கூடிய அந்நியப் பொருள் ஒன்றை அதே இடத்தில் செலுத்தினால், எதிர்ப்பாற்றல் செல்கள் அங்கே திரளும். திரண்டவை பக்கத்தில் உள்ள வைரசையும் கண்டுகொள்ளக்கூடும். ஒரு மருவில் கற்ற பாடம் உடலெங்கும் உள்ள மற்ற மருக்களுக்கும் பயன்படும். இக்கருத்தின் அடிப்படையில் அமெரிக்காவில் கேண்டிடா பூஞ்சையின் சாறும், எகிப்திலும் இந்தியாவிலும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியும், காசநோய்ச் சோதனைக்கான புரதமும் மருவுக்குள் செலுத்தப்பட்டன. கர்நாடகத்தின் மருத்துவர் குழு ஒன்று 2009இல் இன்னும் எளிய வழியை வெளியிட்டது: நோயாளியின் சொந்த மருவிலிருந்து சிறு துண்டை எடுத்து அவருடைய தோலுக்கடியில் பதித்தல். மேலடுக்கில் ஒளிந்திருப்பதை உள்ளடுக்குக்குக் கொண்டுவந்து காவலர் முன் நிறுத்தும் உத்தி அது. செலவும் மிகக் குறைவு.

கொல்லப்பட்ட ‘டபிள்யூ’ இவ்வரிசையில் இந்தியாவின் தனிப் பங்களிப்பு. 2008இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சோமேஷ் குப்தா குழுவினர் பிறப்புறுப்பு மருவில் ஒரு முன்னோட்ட ஆய்வை வெளியிட்டனர். 2013இல் பல மருக்களுடைய நோயாளிகளிடம் செய்த ஆய்வொன்று அமெரிக்கத் தோல்நோய் இதழில் வந்தது. பெரும்பாலோர் முழுதும் குணமடைந்தனர். ஆனால் இரண்டிலும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் தாமாகவே மறையும் நோயில் இக்குறை எத்தகையது என்பதை 1963இன் எண்ணிக்கை முன்பே சொல்லிவிட்டது. பலமுறை சிகிச்சை பெற்றும் நீங்காத மருக்களையே அவர்கள் எடுத்துக்கொண்டனர் என்னும் மறுமொழிக்கு ஓரளவு வலிமை உண்டு. எனினும் அது ஒப்பீட்டுக்கு ஈடாகாது.

அந்த இடைவெளியை 2016இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன ஆய்வு ஓரளவு நிரப்பியது. விடாப்பிடி மருவுடையோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ‘டபிள்யூ’வும் மற்றவர்க்குத் திரவ நைட்ரஜனும் தந்தனர். சிகிச்சை தந்த மருக்கள் நீங்கியதில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. வேறுபாடு மற்றொன்றில் தெரிந்தது: ஊசி தொடாத தொலைவு மருக்கள் மறைவது ‘டபிள்யூ’ பிரிவில் மிகுதி. மருந்தின் உண்மையான இடம் எது என்பதை இம்முடிவு காட்டுகிறது. ஓரிரு மருவுடையவருக்குப் பழைய முறைகளே போதும்; உடலெங்கும் பரவி, ஒவ்வொன்றாகச் சுட முடியாத நிலையில் உள்ளவருக்கே இது பொருந்தும். அதற்கும் விலை உண்டு. ஊசியிட்ட இடத்தில் வீக்கம், வலி, சில நாள் காய்ச்சல், சிலருக்குப் புண் ஆகியவை பதிவாகியுள்ளன. கருவுற்றோருக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் இம்முறைகளைப் பற்றி மருத்துவரே முடிவெடுக்க வேண்டும். தொழுநோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்தை மருவுக்குப் பயன்படுத்துதல், ஒப்புதல் எல்லைக்கு அப்பாற்பட்ட பயன்பாடு என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

நுண்ணுயிரின் பயணம் மருவோடு நிற்கவில்லை. குருதி நச்சேற்றத்துக்கான மருந்தாகவும் அது மறுபெயரோடு வந்தது. 2020இல் கொரோனா நோயாளிகளிடமும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சோதிக்கப்பட்டது. ஒரே மருந்து பல நோய்களைத் தேடிச் செல்லும்போது ஐயமும் உடன்செல்வது நன்று. மருத்துவ வரலாற்றில் ‘எல்லாவற்றுக்கும் நல்லது’ எனப்பட்ட மருந்துகளின் வரிசை மிக நீளமானது.

6. எது குணம்?

இவ்வரலாற்றில் மூவகைக் குணங்கள் காணப்படுகின்றன. தெரிவதை அழிப்பது ஒன்று; சுசுருதரின் காரமும் அலிங்டனின் நைட்ரஜனும் அதைச் செய்கின்றன. காத்திருப்பது இன்னொன்று, திருக்குளத்தில் வெல்லம் கரைத்தவரும் நெதர்லாந்து ஆய்வின் மூன்றாம் பிரிவினரும் அறிந்தோ அறியாமலோ அதைச் செய்தனர். உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டுவது மூன்றாவது. முதலிரண்டும் பழையவை, மூன்றாவது 20ஆம் நூற்றாண்டின் தொழுநோய் ஆய்விலிருந்து கிடைத்தது. சமூகம் ஒதுக்கிவைத்த நோயாளிகளின் உடல்கள் கற்பித்த பாடம், இன்று கைவிரலில் மருவோடு மருத்துவரிடம் வரும் கல்லூரி மாணவருக்குப் பயன்படுகிறது. மருக் கட்டுரைகளின் முன்னுரைகளில் டிச்பள்ளியும் ஆவடியும் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டியவை அவை.

இன்னொரு கடனும் தீர்க்கப்பட வேண்டியுள்ளது. ஆவடியில் 1,71,400 பேர் தம் தோளை நீட்டியதால்தான் ஒரு தடுப்பூசியின் எல்லை தெரியவந்தது. மருவைப் பொறுத்தவரை அத்தகைய பெரிய ஒப்பீட்டு ஆய்வு இன்றும் தேவையே. மரு உயிரைக் கொல்லாத நோய் என்பதால் அதற்குப் பெரிய ஆய்வுகளும் பெரிய நிதியும் வருவது அரிது. ஆனால் எழுதுகோல் பிடிக்கும் விரலிலும் வெறுங்காலோடு வயலில் நடக்கும் பாதத்திலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் மரு, அதனைச் சுமப்போருக்குச் சிறிய நோயன்று.

‘பாலுண்ணி’, ‘புலிபிரி’, ‘மஸ்ஸா’ என்னும் பெயர்கள் கண்டதைச் சொல்லின. அடுத்து வந்த ஆய்வுகள் காணாததைச் சொல்லின. இனி வரும் ஆய்வு சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மறைந்த மருக்களுள் எவை மருந்தால் மறைந்தன, எவை காலத்தால் மறைந்தன. அவ்விரண்டையும் பிரித்தறியும் வரை, ஊசி போட்டவரும் உப்பும் மிளகும் கொட்டியவரும் ஒரே நம்பிக்கையோடுதான் காத்திருக்கின்றனர்.